டிக்கியிலும் வேண்டாம், மடியிலும் வேண்டாம்

செல்லப் பிராணிகள் கேள்வி - பதில்
பதில் சொல்பவர்: கோவை கால்நடை மருத்துவர்

மார்ச் பிறந்துவிட்டால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி "டாக்டர், கூட்டிக்கிட்டுப் போகலாமா?" என்றுதான் ஆரம்பிக்கும். இந்த முறை நாய், பூனை இரண்டையும் தள்ளிவிட்டு, சின்னக் கொறிக்கும் பிராணியான கினி பிக் முந்திக்கொண்டது. நான் வேப்பேரி கல்லூரியில் படித்த காலத்தில் கினி பிக் என்றால் பரிசோதனைக்கூடத்துப் பிராணி. வீட்டில் வளர்ப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் வகுப்பே சிரித்திருக்கும். இன்று என் வீட்டிலேயே மூன்று இருக்கின்றன. எனவே கீழே உள்ளதில் பாதி மருத்துவர் சொல்வது, மீதி அவற்றுக்குத் தினமும் புல் அள்ளிப் போடுகிறவள் சொல்வது.

கேள்வி: என் கணவருக்கு மதுரைக்கு மாற்றல். மே முதல் வாரம் சென்னையிலிருந்து எங்கள் காரிலேயே போகிறோம். பட்டாணி, கடலை என்று இரண்டு பெண் கினி பிக்குகள், ஒன்றரை வயது. எட்டு மணி நேரத்தைத் தாங்குமா? எதில் வைப்பது, வண்டியில் எங்கே வைப்பது?
- தாம்பரம் வாசகி

பதில்: எட்டு மணி நேரத்தைத் தாங்கும். மே மாதத்தைத்தான் தாங்காது. அக்கினி நட்சத்திரம் மே 4 வாக்கில் ஆரம்பிக்கிறது, நீங்கள் சரியாக அதற்குள் போய் விழுகிறீர்கள். மாற்றல் உத்தரவு நம் சௌகரியம் பார்த்து வருவதில்லை, புரிகிறது. நேரத்தையாவது நாம் தேர்ந்தெடுக்கலாம்.

இந்தப் பிராணியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. உடம்பு முழுக்க ரோமம், வியர்வை கிடையாது, நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து சூட்டைத் தணித்துக்கொள்ளவும் தெரியாது. 18-லிருந்து 24 டிகிரி வரை அதற்கு நிம்மதி. 27, 28 தாண்டினால் திணறும். காற்றில் ஈரப்பதமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் திணறும். 30-க்கு மேல் அடைபட்ட பெட்டிக்குள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. நமக்கு "லேசா புழுக்கமா இருக்கு" என்று தோன்றுகிற காரில் அவற்றுக்கு ஏற்கெனவே சூட்டுத் தாக்குதல் தொடங்கியிருக்கலாம்.

அதனால் அதிகாலை 4 மணிக்கு முன்பே தாம்பரத்தை விட்டுக் கிளம்புங்கள். திண்டிவனம் வாக்கில் விடியும். ஒன்பதரைக்குள் திருச்சி, பகல் 12-க்குள் மதுரை. நண்பகலில் சாலையில் நிற்கிற வேலை இல்லை. லாரியில் சாமான் ஏற்றுவதையும் உங்கள் பயணத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். "இதோ பத்து நிமிஷம்" என்று பேக்கர்ஸ் ஆட்கள் சொல்வது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருநாள் முன்னதாகச் சாமான் போய்விடட்டும்.

பெட்டி விஷயம். கூண்டோடு தூக்கி வண்டியில் வைக்கிறவர்கள்தான் அதிகம். வைக்காதீர்கள். கம்பிக் கூண்டில் பிரேக் போட்டால் கால் கம்பிக்குள் மாட்டும். உள்ளே இருக்கிற மரக்கூடும் பீங்கான் கிண்ணமும் பறந்து வந்து அடிக்கும். பூனைக்கு விற்கிறார்களே, பக்கவாட்டில் துளைகள் உள்ள கெட்டி பிளாஸ்டிக் கேரியர், அதுதான் சரி. மேல்பக்கம் திறக்கிற மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது. முன்கதவு மட்டும் இருந்தால் பயந்துபோய் மூலையில் ஒண்டியிருக்கிற பிராணியை இழுத்து எடுக்க வேண்டிவரும். இரண்டும் அக்கம்பக்கமாகப் படுத்து, திரும்பி உட்கார இடம் இருந்தால் போதும். பெரிய பெட்டிதான் வசதி என்று நினைப்போம், ஆனால் பெட்டி பெரிதானால் வளைவுக்கு வளைவு சறுக்கிக்கொண்டே போகும். அட்டைப்பெட்டி இந்தத் தூரத்துக்கு ஆகாது. விழுப்புரத்துக்குள் அடிப்பக்கம் சிறுநீரில் ஊறிவிடும், அதற்குள் ஒரு மூலையைக் கடித்து ஜன்னலும் வைத்திருப்பார்கள்.

அடியில் நாலைந்து மடிப்பு செய்தித்தாள், அதன்மேல் பழைய துண்டு. புதிதாகத் துவைத்த துண்டு வேண்டாம். முந்தின இரண்டு நாள் கூண்டில் போட்டு அவற்றின் வாடை ஏறிய துண்டாக இருக்கட்டும். மூக்கால் உலகத்தை அறிகிற பிராணிக்கு அந்த வாடைதான் வீடு. மரத்தூள் போடாதீர்கள், ஏசி காற்றில் பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும். துண்டின்மேல் உலர்புல்லைத் தாராளமாகக் குவித்துவிடுங்கள். அவை அதற்குள் ஒளியவும் செய்யும், அதையே தின்னவும் செய்யும். நெல் வைக்கோல் இதற்கு மாற்று இல்லை. சத்து கிடையாது, சிலிக்கா அதிகம். கடையில் விற்கும் டிமோத்தி புல் விலை அதிகம் என்றால், நீங்களே நிழலில் காயவைத்த அருகம்புல் நல்லது. வழியில் வண்டியை நிறுத்தி சாலையோரப் புல்லைப் பறித்துப் போடாதீர்கள். அதில் புகை, நாய்ச் சிறுநீர், களைக்கொல்லி எல்லாம் இருக்கலாம்.

எங்கே வைப்பது? டிக்கி கூடவே கூடாது. ஏசி காற்று போகாது, நீங்கள் பார்க்கவும் முடியாது. முன்சீட்டும் வேண்டாம், ஏர்பேக் வெடித்தால் பெட்டி நொறுங்கும். முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கிற இடத்தில் பெட்டியை இறக்கி, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி வைப்பதுதான் நான் செய்வது. அதற்கு முன் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டி அந்தத் தரையைக் கையால் தொட்டுப் பாருங்கள், சில கார்களில் அங்கே சூடு ஏறும். அப்படியானால் பின்சீட்டில் வைத்து பெல்ட்டைப் பெட்டியைச் சுற்றிக் கட்டுங்கள், கைப்பிடிக்குள் மட்டும் நுழைத்துவிட்டு விடாதீர்கள். பெட்டியின் நீளவாக்கு வண்டி போகிற திசைக்குக் குறுக்காக இருக்கட்டும். பிரேக் போடும்போது தலை முட்டாது. நீங்கள் தெற்கே போகிறீர்கள், காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும். ஆகவே ஓட்டுகிறவருக்குப் பின்னால், வலப்பக்கம். இது சின்ன விஷயமாகத் தோன்றும். கண்ணாடி வழியாக நேரே விழுகிற வெயில் ஏசியை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் என்பதைப் பின்சீட்டில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

முதலில் வண்டியைக் குளிர வைத்துவிட்டுப் பிறகு பெட்டியை ஏற்றுங்கள். ஏசி வாய் பெட்டியைப் பார்த்து இருக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் பாசத்தில் எப்போதும் அந்தப் பக்கமே திருப்பி வைப்பார், நான் திருப்பி எடுப்பேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். டாஷ்போர்டில் 22 என்று காட்டும்போது கீழே 27 இருக்கலாம். வண்டியில் பெர்ஃப்யூம் ஜெல், கற்பூரப் பொட்டலம் எது இருந்தாலும் முந்தின நாளே எடுத்துவிடுங்கள். இவற்றின் நுரையீரல் நொய்மையானது.

வழியில் ஏசி நின்றுபோனால்? அதற்காக ஒரு பாட்டில் தண்ணீரை ஐஸாக உறையவைத்து, துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கமாக வையுங்கள். சூடாக இருந்தால் தானே போய்ச் சாய்ந்துகொள்ளும், போதும் என்றால் விலகிக்கொள்ளும். விலகிக்கொள்ள இடம் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

தண்ணீர்ப் புட்டியை ஓடுகிற வண்டியில் மாட்டினால் ஆடி ஆடிச் சொட்டி, துண்டெல்லாம் நனைந்துவிடும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி மாட்டிக் காட்டுங்கள். குடிக்காவிட்டால் வாயில் பீய்ச்சாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போகும். தோலோடு நாலு துண்டு வெள்ளரிக்காய் போட்டுவிட்டால் தண்ணீர்க் கவலையில் பாதி தீர்ந்தது.

இவ்வளவும் செய்தபிறகு நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வாய் அசைகிறதா? பயணத்தில் கினி பிக் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் வேறு எதையும் பார்ப்பதில்லை. "சத்தமே போடல டாக்டர், சமர்த்தா வந்துச்சு" என்பார்கள். பயந்தால் கல்லாகிவிடுவது அதன் சுபாவம். அசையாமல், தின்னாமல், கண் விரிய உட்கார்ந்திருந்தால் அது சமர்த்து இல்லை. புல்லை மெல்லுகிறது என்றால் குளிர்ச்சி போதும், பயம் அடங்கிவிட்டது, குடல் ஓடுகிறது என்று மூன்றும் சேர்ந்தே தெரிந்துவிடும். மதுரை போய்ச் சேர்ந்த பிறகும் இதையே பாருங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்குக் கார் பயணத்தில் வாந்தி வரும் என்பதால் வெறும் வயிற்றோடுதான் ஏற்றுவோம். கினி பிக்கையும் காலையில் பட்டினி போட்டு அழைத்துப் போகலாமா? பயண மாத்திரையில் ஒரு துணுக்கு கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார்.
- சேலத்திலிருந்து ஒரு தந்தை

பதில்: இரண்டும் வேண்டாம். கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது, உடலமைப்பு அப்படி. ஆகவே வாந்திக்குப் பயந்து பட்டினி போடுவதில் பொருளே இல்லை. கெடுதல் மட்டும் உண்டு. அதன் குடல் நாள் முழுக்க நார்ச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் நகரும். சில மணி நேரம் வெறுமனே விட்டால் குடல் மந்தமாகும், வாயு சேரும், வலி வரும். வலி வந்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். இந்தச் சுழலிலிருந்து வெளியே இழுப்பது எங்களுக்கே பெரும்பாடு.

மாத்திரை பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஒரு கிலோ எடை வருமா வராதா என்று இருக்கிற பிராணிக்கு மனித மாத்திரையின் "துணுக்கு" என்ன அளவு என்று அந்தக் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? தூக்க மருந்தும் அப்படித்தான். மயக்கத்தில் உடம்பு வெப்பத்தைச் சமாளிக்கிற சக்தி குறைகிறது, தின்பதும் நிற்கிறது. இதோடு சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன், பயணத்தில் தும்மினால் குழந்தைக்கு வாங்கிய சிரப்பை எடுத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் கினி பிக்கின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, கெட்ட கிருமி பெருகி, நஞ்சாகிச் சாகும். நாய்க்கும் குழந்தைக்கும் ஒத்துக்கொள்கிற மருந்து இதற்கு எமன்.

கேள்வி: என் மகள் (9 வயது) மடியில் வைத்துக்கொண்டுதான் வருவேன் என்று அடம் பிடிக்கிறாள். பத்திரமாகத்தானே பிடித்துக்கொள்வாள்?
- திருப்பூர் வாசகி

பதில்: உங்கள் மகள் பத்திரமாகப் பிடித்துக்கொள்வாள். பின்னால் வருகிற லாரி ஹாரன் அடிக்கிறபோது கினி பிக் அவள் கையில் இருக்காது. துள்ளி விழுந்தால் முதுகெலும்பு, பல் இரண்டில் ஒன்று போகும். சீட்டுக்கு அடியில் புகுந்து பிரேக் மிதிக்குப் பக்கத்தில் போய்விட்டால் உங்கள் எல்லோருக்கும் ஆபத்து. மகளுக்கு வேறு ஒரு பதவி கொடுங்கள். வெப்பமானியில் என்ன காட்டுகிறது, யார் தின்கிறார்கள், யார் தின்னவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டே வரட்டும். ஒரே நிபந்தனை, சிப்ஸ் பாக்கெட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிரிக்கக் கூடாது. பிளாஸ்டிக் உறை சரசரத்தால் தனக்குக் கொத்தமல்லி வருகிறது என்று நினைத்து இரண்டும் சேர்ந்து வீறிடும், ஓட்டுகிறவர் பாடு திண்டாட்டம்.

கேள்வி: வழியில் ஓட்டலில் சாப்பிடும்போது நிழலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதாதா? இருபது நிமிடம்தானே.
- வேலூர் வாசகர்

பதில்: போதாது. காரில் விடப்படுகிற குழந்தைகளை மனதில் வைத்து 2005-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்தார்கள். வெளியே 22 டிகிரி இருந்த நாளிலும் சரி, 35 இருந்த நாளிலும் சரி, நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி கூடியது. கூடியதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே கூடிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. வேலூர் வெயிலில் 38-லிருந்து ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். நிழலும் நம்பத்தக்கதல்ல, அது நகரும்.

ஆளுக்கு ஒருவராக மாறி மாறிச் சாப்பிடுங்கள், ஒருவர் ஏசி ஓட வண்டியிலேயே இருக்கட்டும். தனியாக வருகிறீர்கள் என்றால் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது பெட்டியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போங்கள். துண்டு போட்டு மூடியிருந்தால் முக்கால்வாசி ஓட்டல்களில் என்ன என்று கேட்கக்கூட மாட்டார்கள்.

சூடு தாக்கிவிட்டதா என்று எப்படித் தெரியும்? கை காலை நீட்டித் துவண்டு படுக்கும், வேகமாக மூச்சு வாங்கும், வாயோரம் எச்சில் வழியும், காது சிவந்து சுடும். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அந்த அதிர்ச்சி வேறு வினை. சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துக் காதிலும் பாதத்திலும் ஒற்றி, விசிறி, ஏசியில் வைத்தபடி நேரே மருத்துவரிடம். எழுந்து நடந்துவிட்டது என்று பாதியில் திரும்பிவிடாதீர்கள், உள்ளுறுப்பில் ஏற்பட்ட சேதம் அடுத்த நாள்தான் தெரியும்.

கேள்வி: ஊட்டிக்கு மூன்று நாள் சுற்றுலா. குளிர் பிரதேசம்தானே, எங்கள் கினி பிக்குக்குப் பிடிக்கும் என்று அழைத்துப் போக ஆசை. கொண்டை ஊசி வளைவுகளில் என்ன செய்ய வேண்டும்?
- ஈரோடு வாசகி

பதில்: ஊட்டிச் சீதோஷ்ணம் அதற்குப் பிடிக்கும்தான். 2,200 மீட்டர் உயரமும் ஒன்றும் செய்யாது, அதன் முன்னோர் அதைவிட உயரத்தில் வாழ்ந்தவர்கள். ஆனால் ஊட்டியை ரசிக்கப் போவது நீங்கள். அது ஓர் அறையின் மூலையில் புதிய வாடைக்கு நடுவே நடுங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பழகி முடிக்கும்போது நீங்கள் திரும்பக் கிளம்பிவிடுவீர்கள். குடியேறப் போகிறவர்கள் அழைத்துப் போகலாம், சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகலாம் என்பது என் கட்சி. பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவர் காலை, மாலை வந்து புல்லும் தண்ணீரும் வைத்து, புழுக்கை பார்த்து, வெள்ளரியோ கொய்யாவோ ஒரு துண்டு போட்டால் மூன்று நாள் சுகமாகப் போய்விடும். கொய்யாவை வெறும் ருசிக்காகச் சொல்லவில்லை. நம்மைப் போலவே வைட்டமின் சி-யை உடம்பில் தயாரித்துக்கொள்ளத் தெரியாத பிராணி அது, தினமும் வெளியிலிருந்து கிடைத்தாக வேண்டும்.

அழைத்துப் போயே ஆகவேண்டிய சூழ்நிலை என்றால் சில விஷயங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடி பக்கம் கல்லட்டிச் சாலையில் 36. குன்னூர் வழியே போங்கள், வளைவில் இரண்டாவது கியரில் நிதானமாக. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் வாங்கிவைத்துவிடுவார்கள். மேலே தாம்பரம் வாசகிக்குச் சொன்ன ஐஸ் பாட்டிலை நீங்கள் எவர்சில்வர் பாட்டிலில் செய்துகொள்ளுங்கள், கழுத்து வரை நிரப்பாமல். மேட்டுப்பாளையம் வரைதான் அது தேவைப்படும். பர்லியாறில் பழம் வாங்க நிறுத்தினால் கண்ணாடி முழுக்க ஏற்றியிருக்கட்டும். அங்குள்ள குரங்குகளுக்குப் பெட்டியில் இருப்பது பிராணி, பழம் என்ற பேதமெல்லாம் கிடையாது. மேலே ஏற ஏறக் குளிர் கூடும், ஏசியை அணைத்து, ஜன்னல் காற்று நேரே படாமல் பெட்டியின் ஒரு பக்கத்தைத் துண்டால் மூடுங்கள். முழுதும் மூடினால் மூச்சு முட்டும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. அதை முன்கூட்டியே எடுத்துவிட்டால் சாவடியில் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு ஆண்கள், அண்ணன் தம்பி. வீட்டில் ஒற்றுமை, காரில் ஏற்றினால் சண்டை. தனித்தனிப் பெட்டியில் போடட்டுமா?
- நாகர்கோவில் வாசகர்

பதில்: தனித்தனிப் பெட்டி என்றால் ஒன்றையொன்று தேடும், திரும்பச் சேர்க்கும்போது புதிதாகச் சண்டை வரும். ஒரே பெட்டியில் நடுவே வலைத் தடுப்பு வையுங்கள். வாடையும் சத்தமும் கிடைக்கும், பல் எட்டாது. கிடுகிடுவென்று பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டால் அடுத்தது பாய்ச்சல் என்று பொருள். கையை விடாதீர்கள், ஓர் அட்டையை நடுவே செருகுங்கள். பல ஜோடிகள் வண்டியில் சண்டை போடக் காரணம் புழுக்கம்தான், முதலில் வெப்பமானியைப் பாருங்கள். இரண்டு பெண்கள், அல்லது எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கிற ஜோடி என்றால் தடுப்பு எதற்கு, சேர்ந்தே வரட்டும். பக்கத்தில் தெரிந்த உடம்பு இருந்தால் பயம் குறைகிறது.

முயலோடு சேர்த்து ஒரே பெட்டியில் ஏற்றலாமா என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. முயலின் பின்னங்கால் உதை ஒரு காரணம். முயலும் நாயும் நோய் காட்டாமலே சுமக்கிற ஒரு சுவாசக் கிருமி உண்டு, பெயர் போர்டெடெல்லா; அது கினி பிக்குக்கு வந்தால் நிமோனியா.

கேள்வி: எங்கள் கினி பிக் சினையாக இருக்கிறது. வளைகாப்புக்கு சொந்த ஊர் போக வேண்டும் (எனக்கு!). அதையும் கூட்டிப் போகலாமா?
- கும்பகோணம் வாசகி

பதில்: உங்களுக்கு வாழ்த்துகள். அதற்கு ஓய்வு. கினி பிக்கின் சினைக்காலம் 59 முதல் 72 நாள், குட்டிகள் கண் திறந்து, ரோமத்தோடு பிறக்கும். அவ்வளவு வளர்ந்த குட்டிகளை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிற தாய்க்குக் கடைசி மூன்று வாரத்தில் பயண அலைச்சலால் தீனி குறைந்தால், ஒரே நாளில் ரத்தத்தில் நஞ்சு ஏறிச் சாகிற அபாயம் இருக்கிறது. விலா இரண்டு பக்கமும் பிதுங்கித் தெரிந்தால் கடைசிக் கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள். தூக்கியே ஆகவேண்டிய நேரத்தில் ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கியபடி.

கேள்வி: பெங்களூரிலிருந்து நேற்று வந்து சேர்ந்தோம். வந்ததிலிருந்து கூண்டின் மூலையிலேயே இருக்கிறது. புல் தொடவில்லை. பழகட்டும் என்று ஓரிரு நாள் விடலாமா?
- கோவை வாசகர்

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் அச்சாகும்வரை காத்திருக்க மனமில்லாமல் அன்றே தொலைபேசியில் பேசிவிட்டேன், பிராணி நலம். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மூலையில் ஒண்டுவது இயல்பு, ஒருநாள் இருக்கும். தின்னாமல் இருப்பது இயல்பில்லை. 12 மணி நேரம் எதுவும் வாயில் போகவில்லை என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். புழுக்கை நின்றாலோ, சின்னதாகி வறண்டாலோ அதுவும் அவசரம்தான்.

புது இடத்தில் பழைய துண்டை அப்படியே கூண்டுக்குள் போடுங்கள், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். பார்க்க வருகிற உறவுக்கூட்டத்தை நாளை மறுநாள் வரச் சொல்லுங்கள். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் ஏதோ நடக்கிறது. இன்னொன்று, எல்லா கால்நடை மருத்துவர்களும் கினி பிக் பார்ப்பதில்லை. போகிற ஊரில் யார் பார்க்கிறார்கள் என்று கிளம்பும் முன்பே போன் போட்டு விசாரித்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: "எலியைக் காரில் ஏற்றினால் வயரையெல்லாம் கடித்துவிடும்" என்று மாமியார் விட மறுக்கிறார். என்ன சொல்லிச் சமாளிப்பது?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: மாமியார் சொல்வது பாதி சரி. கொறிக்கும் வகைதான், பல் வாழ்நாள் முழுக்க வளரும், வெளியே விட்டால் சீட் உறை, சார்ஜர் ஒயர் எதையும் விடாது. பெட்டிக்குள் இருக்கிறவரை எதையும் தொடாது. பெட்டியை அவர் பொறுப்பில் ஒப்படைத்துவிடுங்கள். காவல் வேலை கொடுத்தால் கரிசனம் தானாக வரும் என்பதை என் மாமியாரிடம் பார்த்திருக்கிறேன். இப்போது கொத்தமல்லிக் கட்டில் காம்பையெல்லாம் தனியாக எடுத்து வைப்பது அவர்தான்.

கேள்வி: எங்களிடம் கார் இல்லை. மருத்துவரிடம் போக இருபது நிமிடம். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் பெட்டியை வைத்துக் கொண்டுபோகலாமா?
- தூத்துக்குடி வாசகர்

பதில்: ஸ்கூட்டர் வேண்டாம். எஞ்சின் அதிர்வு, புழுதி, நேர் வெயில் எல்லாம் அதன் மேல்தான். கொக்கியில் பையை மாட்டி அதற்குள் பிராணியை வைத்து வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஆட்டோ பிடியுங்கள், காலை எட்டரைக்குள். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ளுங்கள் (மடியில் வேண்டாம் என்றது பிராணியை, பெட்டியை அல்ல), காற்று அடிக்கிற பக்கம் மட்டும் துண்டு. குறைந்த தூரம் என்பதால் புல் வைக்காமல் கிளம்பிவிடாதீர்கள். மருத்துவமனையில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? ஜோடி இருந்தால் நோயில்லாததையும் கூட்டி வாருங்கள், எங்களுக்கு ஒன்றும் தொந்தரவு இல்லை. உள்ளே போனதும் நாய்கள் மோந்து பார்க்கிற உயரத்தில் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். பெயரைப் பதிவு செய்துவிட்டு வெளியே நிழலில் நில்லுங்கள், முறை வந்தால் கூப்பிடுவார்கள்.